கீழைத்தேய மாலை

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஓர் உள்ளூர் இசைக்குழுவில் நான் இரண்டாம் வரிசை வயலின் வாசித்தேன். கொழும்பில் பரீட்சைகளுக்காகப் படித்த வயலின். குழுவில் பாதிப் பேர் சுருதி சேராமல் வாசித்தார்கள்; தேநீருக்கு வரும் கேக்கைப் பற்றி மட்டும் மிகத் துல்லியமாகப் பேசினார்கள். தலைவி ஒரு பல் வைத்தியரின் மனைவி. கோல் பிடித்துக் குழுவை நடத்தியவர் ஒரு கோடைகாலம் லண்டனில் படித்தவர். அதை மறக்க எங்களை அவர் விட்டதேயில்லை.

அந்த ஆண்டு தலைவிக்குக் ‘கீழைத்தேய மாலை’ என்று ஒரு கச்சேரி நடத்தும் யோசனை வந்தது. அதற்காக ஒரு சீன இசையமைப்பாளரைப் பிடித்து வந்தாள். ஷாங்காயில் பிறந்தவர். அகதியாக அங்கு வாழ்ந்த ஒரு ரஷ்யப் பெண்மணியிடம் பியானோ கற்றவர். கலாசாரப் புரட்சியில் அவருடைய பியானோவை முற்றத்தில் போட்டுக் கொத்திவிட்டார்கள். எழுதியவற்றையும் எரித்தார்கள். பிறகு ஹாங்காங் வழியாகச் சிட்னியிலிருந்த தமக்கையிடம் வந்து சேர்ந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே, எரிந்ததை நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குத் தந்தது நரம்பு வாத்தியங்களுக்கான ஒரு படைப்பு. ஆளுயரப் பேஸ் வயலின்கள் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே முரட்டு ஒலியை இழுக்கும். அது அவர் தெருவில் கம்பத்தில் கட்டியிருந்த, நாள் முழுதும் கட்சிக் கோஷம் முழக்கிய ஒலிபெருக்கி. அதன் அடியில் ஒற்றை வயலின் ஒரு மெட்டை மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்கும்.

“இந்த மெட்டு யாருக்கும் கேட்காதே. பேஸைக் குறைத்துவிடலாம்” என்றார் நடத்துபவர்.

“கேட்கக் கூடாது. அது இருக்கிறது, அவ்வளவுதான்” என்றார் இசையமைப்பாளர்.

“உங்கள் நாட்டு இசையில் மூங்கில், நிலவு, நீர்வீழ்ச்சி எல்லாம் வருமே?”

“நான் இருந்த தெருவில் நீர்வீழ்ச்சி இல்லை.”

தலைவி கலகலவென்று சிரித்தாள். அவர் பகிடி விட்டதாக நினைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கச்சேரிக்குச் சேலை கட்டி வரும்படி சொன்னாள். மேடைக்கு நிறம் வேண்டுமாம். வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னேன்.

“சீனாக்காரன் வெள்ளைக்காரன்ர சங்கீதம் எழுதினா உப்பிடித்தான். நீர் சேலையைக் கட்டிக்கொண்டு போம். உதுக்குள்ள ஏன் தலையைக் குடுக்கிறீர்?” என்றார். அவர் எஞ்சினியர். ஆங்கிலேயர் கட்டிய பாலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே சம்பளம் வாங்குபவர்.

கச்சேரி ஒரு ஞாயிறு மாலை. சேலையோடு போனேன். மண்டபம் முழுக்கக் காகித விளக்குகள். பேஸ் வயலின்களுக்குப் பக்கத்தில், ஏதோ சீன உணவகத்தில் இரவல் வாங்கிய பெரிய வெண்கலத் தட்டு, நம் கோவில் சேமக்கலத்தின் பெரியண்ணன் போல, தொங்கியது. கச்சேரிக்குச் சற்று முன் நடந்த கடைசி ஒத்திகையில் பேஸ் வயலின்கள் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வாய் மூடிக்கொண்டன. அந்த இடங்களிலெல்லாம் தட்டு முழங்கியது. இசையமைப்பாளரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. மேடைக்கு ஏறி, ஒவ்வொரு இசைத்தாள் தாங்கியின் முன்னும் நின்று, தன் தாள்களை எடுத்துக்கொண்டே போனார். எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் “மன்னிக்கவும்” என்றார். என்னுடையதை நானே மடித்துக் கொடுத்தேன்.

“இவ்வளவு செய்தோமே இந்த மனிதனுக்கு!” என்றாள் தலைவி. அவள் செய்தது இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றியது.

நானும் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். ரயில் நிலையம்வரை இருவரும் சேர்ந்து நடந்தோம். நீங்கள் வாசிக்கும் பகுதியில் வில்லை இழுக்கும் குறிகள் வசதியாக இருந்தனவா என்று மட்டும் கேட்டார். ஓரிடத்தில் கஷ்டம் என்றேன். அங்கேயே நின்று பென்சில் எடுத்துத் திருத்தினார். எங்கள் குழுவில் எவரும் இசையைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவரோ குழுவிலேயே இல்லாதவர்.

மறு ஆண்டு மெல்பேர்னில் சில மாணவர்கள் அவருடைய அந்தப் படைப்பை வாசித்தார்கள். தனியாகப் போனேன். கணவருக்கு அன்று கிரிக்கெட். சிறிய மண்டபம், பாதியில் சிலர் எழுந்து போனார்கள், போகட்டும். பேஸ் ஒலி இருக்கையின் மரத்திலேயே அதிர்ந்தது. ஓரத்தில் ஒரு பெண்ணின் வில் அசைந்துகொண்டே இருந்தது. அவள் வாசித்த மெட்டு கடைசிவரை எனக்குக் கேட்கவில்லை. அந்த வில்லிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் அழுதேன்.

பத்திரிகைகள் புகழ்ந்தன. பிறகு நான்கு நரம்பு வாத்தியங்களுக்கென அவர் எழுதிய படைப்புகளும் மேடையேறின. உடனே எங்கள் பழைய தலைவி, அவரைக் கண்டெடுத்ததே தன் குழுதான் என்று வானொலியில் பேசினாள். நடத்துபவர், அந்தப் படைப்புக்குத் தான் சொன்ன ‘சில யோசனைகளை’ அடக்கத்தோடு நினைவுகூர்ந்தார்.

என் வீடும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்த டாக்டர் குடும்பம் இசையமைப்பாளரைப் பற்றிக் கேட்க, கணவர் கதிரையில் சாய்ந்தபடி, “ஓம், எங்களுக்கு நல்ல பழக்கம். இஞ்ச அடிக்கடி வந்து சாப்பிடுறவர்” என்றார்.

“ஒருநாளும் வந்ததில்லை. நீங்கள் கூப்பிடவுமில்லை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சோற்றை இறக்கினேன்.