ஸ்வென் என்றால் அவரு

நீல நூலில் ‘பியோர்ன்’ என்று பெயர் தைத்த ஒரு சின்னத் துண்டு. குமாரபாளையத்து டவல் கம்பெனியில் நான் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தபோது, குறை பார்க்கும் செக்கிங் அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, இது என்னங்க பேரு?” ஸ்வீடன் குழந்தைகளுக்குப் போகும் துண்டுகள் அவை. ஆர்டர் கொடுத்தவர்கள் பெயர்களோடு அவற்றின் கதையையும் ஒரு தாளில் அனுப்பியிருந்தார்கள். கரடி என்று அர்த்தம் என்றேன். “கரடின்னு புள்ளைக்குப் பேரு வெப்பாங்களா?” என்று சிரித்தார். ஆனாலும் துண்டை மரியாதையாகத்தான் மடித்து வைத்தார்.

அந்தத் தாளைப் படித்துச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. உல்ஃப் என்றால் ஓநாய். டோர்ஸ்டென் என்றால் இடித் தெய்வமான தோரின் கல். பிறகு கிறிஸ்தவம் வந்ததும் யோஹான்னஸ் என்ற ஒரே பெயர் ஊர் வாயில் தேய்ந்து யோஹான், யென்ஸ், யோன் என்று பலவானது. குடும்பப் பெயர் வெகுகாலம் பெரும்பாலோருக்குக் கிடையாது; அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்தால் முடிந்தது. “நம்ம இனிசியலு மாதிரிதானுங்க” என்று அக்கா ஒரே வரியில் தீர்த்துவிட்டார். என் பெருமை அத்தோடு சரி.

சிக்கல் ஸ்வென்னில் வந்தது. சின்னப் பையன் என்று அர்த்தம் என்றேன். பக்கத்து மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர்; அவர் பெயர் சின்னப்பையன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அக்கா சொன்னதே இல்லை. அன்று முதல் பெட்டிக்குத் துண்டு எண்ணும்போது, “உல்ஃபு ஆறு, பியோர்ன் நாலு, அவரு அஞ்சு” என்பார். கிண்டல் செய்தால், “அர்த்தம் தெரிஞ்ச பொறகு எப்படிங்க சொல்றது?” என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் அவர் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, காது கேக்கும்” என்றார் நர்ஸ். அக்கா என்னைப் பார்த்தார். நான் கூப்பிட்டேன், அசைவில்லை. அக்கா குனிந்து, “ஏனுங்க” என்றார். இன்னொரு முறை, “ஏனுங்க.” பிறகு மெதுவாக, “ஸ்வென்” என்றார். வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் தெரியாதே.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். “சின்னப்பையா!” என்று கத்திவிட்டு, பதறிப்போய், “ங்க” என்று சேர்த்தார்.

வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். கூப்பிட்டது யார் என்று என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.