எல்லோருக்கும் ஒரே எண்

செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் அப்பா ஓட்டுநர். எண்ணெய் ஆலையில் குலையின் எடை குறைந்துவிட்டது என்ற சண்டையைக் கேட்டே வளர்ந்தவள் புனிதவதி. அந்தச் சண்டைக்காகவே கோலாலம்பூர் வேலையை விட்டு வந்து, எடைக் கணக்கைச் சரிபார்க்கும் செயலி ஒன்றை எழுதினாள். அது தனியாக நிற்காது. ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருளோடு ஒட்டி, அந்த நிறுவனத்தின் இணையச் சந்தையில்தான் விற்றது.

வாங்கியவர்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்து லோரி முதலாளிகள். பதிவு செய்யச் சொன்னால், "நீயே போட்டுரும்மா, பாஸ்வேர்டெல்லாம் யாரு ஞாபகம் வச்சிக்கிறது" என்பார்கள். எல்லோர் கணக்கையும் தன் கைப்பேசி எண்ணிலேயே திறந்துவிட்டாள். அவர்கள் எடைச் சீட்டை அனுப்புவார்கள்; அவளே உள்ளே போட்டுப் பார்த்துச் சொல்வாள்.

திங்கட்கிழமை செயலி சந்தையில் இல்லை. ஒரே எண்ணில் இத்தனை வாடிக்கையாளர்களா? எல்லாம் போலி என்று நிறுவனம் சந்தேகப்பட்டது. முதலாளிகளையே தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார்களாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நிரந்தர நீக்கம். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அப்பளசாமியிடம் ஓடினாள். அப்பாவின் பழைய முதலாளி, அவளுடைய முதல் வாடிக்கையாளர்.

"மாமா, கணக்கு உங்களோடது, நீங்கதான் பாவிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதுதானே உண்மை."

"சொல்றேன்லா. இதுக்குப் போயி மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு."

அவர் தேநீரை முடிப்பதற்குள் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார். மலாயில் ஒரு பெண் பணிவாகக் கேட்டாள்: கணக்கு உங்களுடையதா?

"ஆமா."

நீங்களே திறந்தீர்களா?

அப்பளசாமி புனிதவதியின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு நல்லது செய்ய நினைத்தார். தனக்குத் தெரிந்த மலாயில் அடுக்கினார்: தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் இந்தப் பிள்ளைதான், ஊரில் அத்தனை பேருக்கும் இதுதான் திறந்து கொடுத்தது, கடவுச்சொல்கூட இதனிடம்தான், அவ்வளவு நம்பிக்கை.

நீங்கள் ஒருமுறையாவது உள்ளே நுழைந்தது உண்டா?

ஒருநாளும் இல்லை என்றார், பெருமையாக.

நன்றி சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

"எப்படி? உன்னப் பத்தி நல்லா எடுத்து வுட்டேனா?"

அவர் அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"இரு, நம்ம லோரிக்கார அழகேசனுக்கும் சொல்றேன். கூப்புட்டா அவனும் இதே மாதிரி சொல்லட்டும்."

"வேணாம் மாமா!" பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

அதற்குள் மறுமுனையில் அழகேசனின் குரல் கேட்டது. "இப்பத்தான் கூப்புட்டாங்க மாமா. நானும் நம்ம புனிதத்தப் பத்திப் பெரிசாத்தான் சொன்னேன்."