மச்சானின் பெட்டிக்குப் புருவம்

முதன்முதலில் நான் பார்த்தபோது அவருக்குத் தலை இல்லை. பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் கழுத்துவரை நுழைந்து, கழன்றிருந்த மூலைக்கட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"வெளிய வாங்க, ஆள் வந்திருக்கு" என்றாள் மனைவி.

"உட்காரச் சொல்லு. ஆள் காத்திருக்கும், பசை காத்திருக்காது" என்றது பெட்டி.

தெருவில் அவருக்குப் பெயர் பெட்டிக்காரர். வீட்டின் முன்னறை மனைவியின் அழகு நிலையம், பின்னறை அவருடைய பட்டறை, நடுவில் ஒரு திரைச்சீலை. முன்னறைக்கு வந்த பெண்கள் மரத்தூளோடும், பின்னறைக்கு வந்த பெட்டிகள் பவுடர் வாசனையோடும் வீடு திரும்புவது வழக்கம்.

கதவு, அலமாரி என்று பிழைத்துக்கொண்டிருந்த தச்சர் ஸ்பீக்கரில் கைவைத்தது மச்சானால்தான். மனைவியின் அண்ணனுக்கு இந்தக் கல்யாணம் வேப்பங்காய். தங்கை வீட்டு வாசலை மிதிக்காமலே இருந்தவர், ஒருநாள் ஜோடி ஸ்பீக்கர்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அப்பா ஆசையா வச்சிருந்தது. மேல கறை படிஞ்சு கெடக்கு. பாத்துச் செய்யுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற ஒரு சொல்லில் பெட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. அண்ணனின் ஆட்டோ திரும்பியதும் சொன்னாள்: "இதுல ஏதாவது சொதப்புனீங்க, எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிடும்."

சொதப்பினார். கறையைக் கண்டால் இழைப்புளியைப் போட்டு இழைப்பது தச்சர் புத்தி. மூன்றாவது இழுப்பில் தேக்கு தீர்ந்துபோனது! உள்ளே ரொட்டித்தூளை அழுத்தி வைத்ததுபோல ஒரு பலகை. அந்தப் பெட்டி தேக்கால் ஆனதல்ல, தேக்கைச் சட்டையாகப் போட்டிருந்தது. சட்டையும் காகிதக் கனம்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை விழுந்துவிட்டது.

"அதே மரத்துல இன்னொரு சட்டை தேட முடியாதா?"

"அந்த மரத்தை வெட்டினவனே செத்திருப்பான்டி."

அவள் கையில் வாடிக்கையாளருக்கான புருவப் பென்சில் இருந்தது. பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொட்டையை உற்றுப் பார்த்தாள். "இதைவிட மோசமான புருவத்தையெல்லாம் நான் தூக்கி நிறுத்தியிருக்கேன். ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுங்க. அப்புறம் எதையும் தொடாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசிச் சமமாக்கினார். அவள் தேக்கின் நிறத்தைக் குழைத்துத் தடவி, பக்கத்து ரேகையிலிருந்து ஒவ்வொரு கோடாக இழுத்து வந்து சேர்த்தாள். மேலே பாலிஷ் ஏறியதும் சொட்டை இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை.

மச்சான் வந்தார். பெட்டியின் தலையைத் தடவினார். "பிரமாதம் மாப்பிள்ளை. கைத்தொழில்னா இது."

பெட்டிக்காரர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "எல்லாம் அனுபவம்தான் மச்சான்" என்று நெளிந்தார்.

திரைச்சீலை விலகியது. "அனுபவமா? அண்ணே, அந்த ரேகையை வரைஞ்சவ நானு! இவரு போட்டது ஓட்டை!"

பெட்டிக்காரருக்கு மறுபடி பெட்டிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மச்சான் குனிந்து நகத்தால் சுரண்டினார். ரேகை அசையவில்லை. நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா இருந்திருந்தா, இவரு கன்னத்துல ரெண்டு அறை விட்டு, உனக்கு ஒரு கடை வச்சுக் குடுத்திருப்பாரு."

"நீ என்ன குடுப்பே?"

"பசிக்குது. மொதல்ல நீ சோறு போடு, அப்புறம் பேசலாம்."

அந்த வீட்டில் அதுவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். மனைவி அடுப்படிக்கு ஓடினாள். முன்னறையிலிருந்து ஒற்றைப் புருவத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, எனக்கு இன்னொண்ணு?" என்றாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது பெட்டியின் இணைப்பும் பசையும் அவர் பொறுப்பு; நிறமும் ரேகையும் அவள் பொறுப்பு. முன்னறை வார இறுதியில் மட்டும் திறந்திருக்கும். மச்சான் பழைய ஸ்பீக்கர் எங்கே கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார், பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்.