மேல்மாடியிலிருந்து இறங்கிய நெத்திலி சம்பல்

புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசனை தெரியுமா உங்களுக்கு? கருவாட்டைச் சுட்டு, ஈர சாக்ஸுக்குள் சுருட்டி, ஒரு வாரம் கழித்து மோந்து பாருங்கள்... கிட்டத்தட்ட அதுதான்.

கிள்ளானில், கால்வாய் ஓரமாக இருந்த ஒரு ரப்பர் கிடங்கில்தான் எனக்கு முதல் வேலை. சொந்த ஊரான சாலாக் செலாத்தானிலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கியிருந்த கல்யாணமாகாத காலம். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். அப்படி ஒரு மணம்.

கீழே ஆண்கள். ரப்பர் ஷீட்டுகளை அழுத்திக் கட்டு போடுவோம். கட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளைக் கரைசல் பூசுவோம். அதன்மேல் தகடு வைத்து எழுத்து அடிப்பது என் வேலை.

மேலே பெண்கள். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அழுக்கு இருக்கும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். வெளிச்சம் வேண்டுமே, அதனால் மாடி. ஆண்கள் மாடி ஏறக்கூடாது. இது மேனேஜரின் சட்டம். ஏறக்கூடாது என்று சொன்னதிலிருந்து அந்த மாடியைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை.

மாடியில் கால்வாயைப் பார்த்து ஒரு கதவு. திறந்தால் படி கிடையாது, அந்தரம்தான். கதவுக்கு மேலே ஒரு கப்பி, கயிறு. ஒரு காலத்தில் படகிலிருந்து சரக்குத் தூக்கினார்களாம். என் காலத்தில் படகு நின்று லோரி வந்துவிட்டது. கப்பிக்கு மிஞ்சிய வேலை, டீ தூக்குவது.

மதியம் கடையில் டீ வாங்கி வாளியோடு கூடையில் வைப்பேன். கயிற்றை இழுத்ததும் மேலேயிருந்து லெட்சுமி அக்கா சத்தம் போடுவார். மாடிக்கு அவர்தான் தலைவி.

“டேய், ஆட்டாம இழுடா! தேரா இழுக்கற?”

டீ மேலே போகும். கூடை இறங்கும்போது, இழுத்தவனுக்கு ஒரு டப்பா சோறு வரும். அதுதான் அந்தக் கிடங்கின் வழக்கம். சோற்றின் மேல், மிளகாய் அரைத்து வதக்கிய ஒரு நெத்திலி சம்பல்... ஐயோ! நாக்கில் வைத்தால் ரப்பர் நாற்றம்கூட மறந்துபோகும்.

கூடையை இறக்க நீளும் கை மட்டும் தெரியும். கண்ணாடி வளையல் போட்ட கை. மல்லிகாவின் கை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இறக்கிய கைதானே சமைத்திருக்கும்? அறிவாளி நான், அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டேன். கல்யாணமும் ஆனது.

முதல் வாரமே நெத்திலி சம்பல் கேட்டேன். வந்தது... அதைப் பற்றி இங்கே எழுதினால் இன்று இரவு எனக்குச் சாப்பாடு கிடையாது.

“இப்ப வர்ற நெத்திலி முன்ன மாதிரி இல்லங்க” என்றாள். பிறகு மிளகாய் சரியில்லை என்றாள். பிறகு அடுப்பு. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பல் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

போன சனிக்கிழமை அந்தக் கிடங்கைப் பார்க்கப் போனோம். இப்போது அது ‘ஹெரிட்டேஜ்’. கீழே காப்பிக்கடை. அன்று சம்பளம் கொடுத்து உள்ளே விட்டார்கள், இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள்.

முதல் முறையாக மாடிப்படி ஏறினேன். திருட்டுத்தனமாக ஏறுவது போலவே இருந்தது.

சுற்றிக் காட்டிய சீனப் பெண் கப்பியைக் காட்டி, சரக்குத் தூக்கியது என்றாள். மல்லிகா சும்மா இருப்பாளா? தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துவிட்டாள். “சரக்கு மட்டும் இல்ல கேர்ள், இவரோட லஞ்ச்சும் இதுலதான் எறங்கும்!”

அந்தப் பெண்ணுக்கு ஒரே குஷி. “ஆன்டிதான் சமைச்சு அனுப்பினீங்களா? ஸோ ஸ்வீட்!” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சுற்றிப் பார்க்க வந்திருந்த எல்லாரும் படம் பிடிக்கப் போனைத் தூக்கிவிட்டார்கள்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். போன்களைப் பார்த்தாள்.

“நானா? ஐ நெவர் குக் லா! அப்ப எனக்கு வெந்நிகூடப் போடத் தெரியாது. டப்பா சுத்தி வரும், ஆளுக்கொரு கரண்டி போடுவாங்க. சம்பல் லெட்சுமி அக்காவோடது. நான் சின்னவ, கூடை எறக்கறது என் வேல.”

கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சூடானது.

கூட்டம் அடுத்த அறைக்குப் போனதும் மெதுவாகக் கேட்டேன். “ஏன்டி இத்தன வருஷமா சொல்லல?”

“உங்கம்மா பொண்ணு பாக்க வந்து, ‘ஒங்க பொண்ணு சமையல்னா எம் மவனுக்கு உசுரு’ன்னாங்க. எங்கம்மா பொறையேறி இருமறாங்க. நான் என்னத்த சொல்ல?” அந்தரக் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதில் வருகிறதா என்று முகத்தையே பார்த்தாள்.

நான் ஒரு நொடி யோசித்துவிட்டேன். யோசிக்கவே கூடாத கேள்வி அது, ஆண்களே குறித்துக்கொள்ளுங்கள். சமாளிக்க எதிர்க்கேள்வி போட்டேன். “வந்தது இருக்கட்டும். நீ ஏன் சரின்ன? எங்கிட்ட என்னத்தக் கண்ட?”

கீழே கால்வாய் ஓரத்தைக் காட்டினாள்.

“அங்கதான் நிப்பீங்க. டீய மேல அனுப்பறதுக்கு முன்னால சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் வாளிய மூடுவீங்க. தெனமும். மேல ஒருத்தரும் பாக்கலன்னு நெனப்பு! லெட்சுமி அக்கா, ‘கழுத, எச்சி பண்ணிட்டு அனுப்புது பாரு’ன்னு திட்டிக்கிட்டே குடிப்பாங்க.”

“அப்புறமுமா சரின்ன?”

“அப்புறந்தான் சரின்னேன்.”

அவள் தன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அந்தரக் கதவிலிருந்து, நான் திருட்டு டீ குடித்த இடத்தை இருவரும் எட்டிப் பார்த்தோம்.

இப்போதெல்லாம் சாப்பாடு போனில் வருகிறது. யார் கடை, எத்தனை நட்சத்திரம், கொண்டு வருகிற பையன் எந்த முனையில் திரும்புகிறான் என்று எல்லாமே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. என் மகளும் மாப்பிள்ளையை அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நான் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியாமல் கட்டிக்கொண்டேன்...

மேலே நின்றவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது.