இடதுபக்கம் போன மவுஸ்

போத்தலை 'டொக்' என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார் புளோறன்ஸ். திறந்து தாருங்கள் என்று ஒரு சொல் கிடையாது. நான் போட்டோக்கொப்பி மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாலும் சரி, சுடச்சுட லமினேற் தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்த மூடியைத் திருகித் திறந்து வைக்கவேண்டியது என் பொறுப்பு. இரண்டு நிமிடம் கழித்து வந்து எடுத்துக்கொண்டு போவார். ஏழு வருடம் இது நடந்தது. ஏழு வருடமும் எனக்கு வயிற்றெரிச்சல். "போத்தல் தொறக்கிறதுக்கா நான் ஹட்டன்ல இருந்து கொழும்புக்கு வந்தேன்? அந்தப் பொம்பள என்ன மகாராணியா?" என்று வீட்டில் போய்க் கத்துவேன். "அங்கயே வாயைத் தொறந்து கேட்கிறதுதானே" என்பாள் மனைவி. கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடைவைக் கடைக்கு மேல்மாடி. முதலாளி இரத்தினசிங்கம் ஐயா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, கலியாணம், இறப்பு என்று ஒரு மனிதனுக்கு அரசாங்கம் கொடுக்கிற தாள் எல்லாம் எங்களிடம் வரும். ஐயா அதை இங்கிலீசில் பென்சிலால் எழுதுவார். புளோறன்ஸ் டைப் பண்ணுவார். நான் கொப்பி எடுத்து, பக்கம் அடுக்கி, ஸ்ரேப்ளரால் பின் அடிப்பேன். கடைசியில் ஐயா கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். அந்த முத்திரை இருந்தால்தான் எம்பசிக்காரன் திரும்பிப் பார்ப்பான். மூன்று பேர், ஒரு பலகைத் தடுப்பு, ஒரு காற்றாடி. அவ்வளவுதான் கடை.

புளோறன்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த ஆள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். வீடு கொட்டாஞ்சேனையில். கலியாணம் செய்யவில்லை, அக்கா ஒருவரோடு இருக்கிறார். காலையில் இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு வந்துவிடுவார், மழை வெள்ளம் எதுவும் கணக்கில்லை. பஸ்ஸில் நின்றால் கையைத் தூக்கி மேலே கம்பியைப் பிடிக்கமாட்டார். முழங்கையை மடக்கிப் பக்கத்துக் கம்பத்தில் கொழுவிக்கொள்வார். "அக்கா, அந்தக் கம்பத்தக் கட்டிக்கிட்டு வீட்டுக்கே கொண்டுபோகப் போறீங்களா?" என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டானாம். அதை எங்களிடம் சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் அப்படிக் கொழுவுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்கவேண்டியது இன்னும் எத்தனையோ உண்டு. கொழும்பு வெயிலில் முழுக்கை வைத்த பிளவுஸ் போடுவார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய கொம்பியூட்டரில் மவுஸ் இடதுபக்கம் இருக்கும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஏதாவது பிரிண்ட் எடுக்க நான் போய் உட்கார்ந்தால், வலது கை வெறும் மேசையைத் தடவும். ஏசிக்கொண்டு மவுஸை இந்தப் பக்கம் இழுத்து வைப்பேன். அவர் திரும்பி வந்து மறுபடி இடதுபக்கம் கொண்டுபோவார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடியில் பிடிக்கமாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்திக் குடிப்பார். குளிருக்குக் குடிக்கிறவர்கள் எங்கள் மலைநாட்டில் அப்படித்தான் குடிப்பார்கள். வெள்ளவத்தையில் என்ன குளிர்?

கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற ஜாபிருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்திருந்தது. புளோறன்ஸ் ஒரு பழைய சொக்ஸில் பச்சை அரிசி நிரப்பி வாய் தைத்து வைத்திருப்பார். பத்தரை மணிக்கும் மூன்று மணிக்கும் அது கீழே போய் ஜாபிரின் மைக்ரோவேவில் சூடாகி மேலே வரும். அதைக் கையில் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் இருப்பார். "என்ன அக்கா, அரிசிய சொக்ஸுக்குள்ள போட்டு ஆக்கினா சோறாகும் என்டு யாரு சொன்ன?" என்று ஜாபிர் கேலி பண்ணுவார். "உங்கட கடைச் சோறவிட இது நல்லாத்தான் வேகுது தம்பி" என்பார் புளோறன்ஸ். எனக்கு அந்த சொக்ஸைப் பற்றி அவர் சொன்ன காரணம் வாதம். வாதம் யாருக்கு இல்லை?

உண்மைக் காரணத்தை மறைக்க அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் கதிரையில் அவருக்கு முன் இருந்தவர் கொன்ஸ்ரன்ரைன். நல்ல வேகம், நல்ல மனிதன். கண் மங்கத் தொடங்கியது. எட்டும் மூன்றும் ஒன்றுபோல் தெரிகிறது என்று வாய் தவறி ஒரு நாள் ஐயாவிடமே சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஐயா ஒரு கேக் வாங்கிவந்தார், ஒரு ஷேர்ட் துணியும் வாங்கிவந்தார். நன்றி சொல்லிப் பேசினார். கேக்கை நானும் தின்றேன். திங்கட்கிழமை புளோறன்ஸ் வந்து உட்கார்ந்தார். ஐயாவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேலை நின்றால் சனம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும், அதுவும் உண்மை. ஆனால் புளோறன்ஸ் அந்தக் கதையை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டார். யாருக்காவது வேலை போனால் அவர் சொல்கிற வார்த்தை, "பாவம், கேக் வெட்டிட்டாங்க."

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜீவராஜ் என்ற ஆள் மேலே ஏறி வந்தான். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை, ஊர் மஸ்கெலியாப் பக்கம். மனைவி வெளிநாட்டில். அவளிடம் போவதற்காக எங்களிடம் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தான். எம்பசியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாளை ஐயாவின் மேசையில் விரித்து, இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தான்.

"ஐயா, எங்கம்மா பேரு ஆறாயிங்க. இதுல ஸமீமான்னு போட்டிருக்கு. எங்கப்பாவுக்கு அவ்வளவு தைரியம் இருந்திருந்தா நாங்க எப்பவோ நல்லா இருந்திருப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கண் சிரிக்கவில்லை. நேர்முகத்துக்குக் கொடுத்த திகதி போய்விட்டது, அடுத்தது ஆறு வாரம் கழித்து.

ஐயாவின் முகம் கறுத்தது. உண்மையான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தவர் அவர். நேரே என்னைப் பார்த்தார்.

"ராமர், உது உம்மடை வேலை. ஸமீமா எண்ட மனுசியின்ரை பிள்ளையின்ரை பேப்பரும் அண்டைக்குத்தானே போனது? ரெண்டாம் பக்கத்தை மாறிப் பின் அடிச்சுப்போட்டீர். கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு நிண்டனீர்?"

எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. பக்கம் அடுக்கிறது நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஸ் எழுத்தைப் படம் பார்க்கிறமாதிரித்தான் பார்ப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. புளோறன்ஸ் வந்து நின்றார்.

"ராமர் அண்ணே இல்ல சேர். நான்தான்."

"நீர் பிழை விடுற ஆளில்லையே பிள்ளை."

"பழைய பைல்லயே பேர மட்டும் மாத்தினேன் சேர். முழுசா புதுசா அடிக்க கை வரல்ல. அந்த ஸமீமாட பிள்ளைட பைலத் திறந்து இவங்கட விபரத்தப் போட்டேன். அம்மாட பேர் மட்டும் மாறாம நின்டுட்டு."

பழைய பைலின் மேல் அடிப்பது ஊரில் உள்ள டைப்பிஸ்ட் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் புளோறன்ஸ் செய்ததில்லை. புதுத்தாள் எடுத்து, முதல் எழுத்திலிருந்து அடித்து, கோடு போடுகிற அடிமட்டத்தை ஸ்கிரீனில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்க்கிற ஆள். ஐயா அவரை நம்பியதே அதற்காகத்தான். கடைசி ஒரு வருடமாகத்தான் இந்தக் குறுக்கு வழி. அடிக்காத எழுத்துக்கு வலியில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"கை வரேல்லை எண்டா என்ன அர்த்தம்?" என்றார் ஐயா.

புளோறன்ஸ் வலது கையின் பிளவுஸ் பட்டனைக் கழற்றினார். ஒரு பட்டனுக்கு அரை நிமிடம் எடுத்தது. உள்ளே மணிக்கட்டில் தோல்நிறப் பட்டி, அதற்குள் ஒரு தகடு. பெருவிரலுக்குக் கீழே சதை இருக்கவேண்டிய இடம் பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தினை காலம் உது?"

"ஏழு வருஷம் சேர்."

"ஏழு வருஷமா நான் என்ன குருடனோ?"

ஜீவராஜ் கதிரை ஒன்றை இழுத்து, "நீங்க உட்காருங்கம்மா" என்றான். தாளைக் கெடுத்தது அவர் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மணிக்கட்டுக்குள் நரம்பு நசிபடுகிறதாம். கிளினிக்கில் ஊசி வைத்துக் கரண்ட் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று இரண்டு முறை திகதி கொடுத்தார்கள். இரண்டையும் போகாமல் விட்டுவிட்டார். டொக்டர் சின்னப் பெண், சிங்களப் பிள்ளை. டைப் அடிப்பதை நிறுத்த முடியாதா என்று கேட்டதாம். "நிப்பாட்டினா நான் என்ன சாப்பிடுற மகள்?" என்று இவர் சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டாராம். அந்தப் பிள்ளை இரவில் கட்டிக்கொள்ளச் சொல்லி அந்தப் பட்டியை எழுதிக் கொடுத்ததாம். இவர் பகலிலும் கட்டினார்.

புதுத் திகதியைப் பதிவதற்கு ஜீவராஜின் தாள் அன்றைக்கே சரியாகிப் போகவேண்டும். புளோறன்ஸ் கொம்பியூட்டரின் முன் போய் இருந்தார். விரல்களை உதறினார், ஊதினார். விரல் கீயில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை என்றார். மூன்று முறை அடித்து மூன்று முறையும் பிழை. நான் மெஷினைத் துடைப்பதுபோல் நின்றேன்.

"அண்ணே, இங்க வாங்க. நீங்க அடிங்க. நான் எழுத்துச் சொல்றேன்."

"எனக்கென்ன தெரியும்?"

"ஆறு எழுத்து. உங்களுக்கு ஏ எங்க இருக்கெண்டாவது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாங்க."

உட்கார்ந்தேன். சுட்டு விரலால் தேடித் தேடிக் குத்தினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் முழுக் கையும் விறைத்தது. "ஆணி அடிக்கிறீங்களா? மெதுவா. தோளை விடுங்க" என்றார். ஆறு எழுத்து முடிந்ததும் எனக்கே தெரியாமல் கையை உதறினேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு பேருக்கே இப்படியா?" என்று சிரித்தார். ஒரு நாளைக்கு அவர் அடிப்பது முப்பது தாள். பிறகு கொண்டைப் பென்சிலை உருவி, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசித்தார். ஜீவராஜை அருகில் கூப்பிட்டு அவனையும் வாசிக்கச் சொன்னார். ஐயா முத்திரை குத்தினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக் குத்தினார்.

அவன் போனபிறகு ஐயா புளோறன்ஸைக் கூப்பிட்டு ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்கச் சொன்னார். ஓய்வு எவ்வளவு என்று கேட்டார். கைக்கு முழுப் பலம் வர இரண்டு மாதமாவது ஆகும் என்றார் இவர்.

"வந்து இதே கதிரையில இருக்கலாமா சேர்?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்லை கையைப் பாரும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

'பாப்பம்' என்றால் என்ன என்று இருபது வருடமாக ஐயாவோடு இருக்கிற எனக்கே தெரியாது. சில நேரம் ஓம், சில நேரம் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, "இனி கேக்தான் அண்ணே" என்றார் புளோறன்ஸ். "ஐயாவுக்குச் சீனி வருத்தம், கேக் வாங்கமாட்டார்" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

மூன்றாவது திகதியை அவர் தவறவிடவில்லை. அது ஒரு வியாழக்கிழமை. புதன்கிழமை பின்னேரம் மேசையை ஒதுக்கினார். அடிமட்டம், சொக்ஸ், மாதாவின் சின்னப் படம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார் என்று பார்த்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை. அப்படியே இருந்த இடத்தில் நேராக்கி வைத்தார். கொன்ஸ்ரன்ரைன் தன் சாமானை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. அதை இவருக்கும் யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

ஐயா கீழே தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். புளோறன்ஸ் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மேசைக்குக் கீழே குனிந்து, கொம்பியூட்டர் பெட்டியின் முன்னால் இருக்கிற பட்டனைக் காட்டினார்.

"அண்ணே, காலையில கடையத் திறந்தவுடனே இதை அமத்திவிடுங்க. ஒவ்வொரு நாளும். சேர் படியில ஏறி வரும்போது ஸ்கிரீன் எரியணும். வேற ஒன்டும் செய்யத் தேவையில்ல, எரிஞ்சா போதும். இருண்டு கிடந்தாத்தான் புது ஆள் வேணும் என்டு அவருக்கு நெனப்பு வரும்."

சரி என்றேன். அவருக்கு அது போதவில்லை. எரிந்துகொண்டிருந்த கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு, என்னைக் குனியச் சொல்லி, ஒரு தடவை அமத்திக் காட்டச் சொன்னார். அமத்தினேன். வெளிச்சம் வரும்வரை, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.