மல்சுன் விட்ட இரவு மாத்திரை

கொரியாவின் போஹாங் துறைமுக மீன் சந்தையில் மல்சுன் அளவுக்கு மெல்லிசாகப் பச்சை மீன் அரிகிறவர் கிடையாது. அவள் அடுக்கிய துண்டுகளுக்கு அடியில் தட்டின் பூ தெரியும். புருஷன் கடலோடு போனபின் இருபது வருஷம் அந்தக் கத்திதான் அவளுக்குச் சோறு போட்டது.

நாற்பத்தெட்டு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு வருஷம் பார்த்துப் பொறுக்க முடியாமல் தங்கை யங்சுக் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். யங்சுக்கின் மாமியார் குதித்த குதிக்கு வீடே இரண்டுபட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

காலையிலும் இரவிலும் மாத்திரை. வேற்று உறுப்பை உடம்பு விரட்டாமலிருக்க ஆயுசுக்கும் விழுங்க வேண்டியது. அதுதான் மல்சுனின் கையை நடுங்க வைத்தது. சந்தைக்குத் திரும்பியதும் துண்டுகள் கோணலாக விழுந்தன.

"என்னம்மா மல்சுன், காலங்காத்தாலேயே சோஜு சாராயம் உள்ள போயிடுச்சா?" என்றார் பழைய வாடிக்கையான படகுக்காரர்.

"உங்க மூஞ்சியப் பாத்தா எந்தக் கைதான் உதறாது?"

சிரித்துக்கொண்டே போனவர் எதிர்க்கடையில் வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர்.

ஒரு நாள் இரவு மாத்திரையை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் விட்டாள். கை நடுக்கம் நின்றது, கத்தி பழையபடி ஓடியது. அதன்பிறகு இரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாலைந்து நாள் மட்டும் இரண்டு வேளையும் ஒழுங்காக விழுங்குவாள்.

"மாத்திரையெல்லாம் சரியா சாப்பிடறீங்கல்ல?" என்பார் டாக்டர்.

"சாப்பிடறேன் டாக்டர்."

அவ்வளவுதான் பேச்சு. வெளியே முப்பது பேர் காத்திருப்பார்கள்.

பதினான்காம் மாதம் கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது. எந்த ஊசிக்கும் கேட்காமல் தங்கை கொடுத்த சிறுநீரகம் நின்றுபோனது. விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுப் பாத்திருப்பேன். வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பேனேம்மா."

இப்படி ஒரு வழி இருந்தது மல்சுனுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் யங்சுக் வந்தாள். கொண்டுவந்த கஞ்சியைத் திறக்கவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?"

"உசுரையே பிச்சுக் குடுத்தவகிட்ட, கை நடுங்குதுன்னு எப்படிடீ குறை சொல்றது?"

"அதனால தூக்கிப் போட்டுட்டே." யங்சுக்கின் குரல் ஏறவேயில்லை. "எனக்கு இனிமே ஒண்ணுதான் இருக்கு. அது உனக்குத் தெரியுமில்ல?"

தங்கை எழுந்து, கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனாள்.

மறுபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏறும் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று கடையை வேறொருத்திக்கு விட்டாயிற்று. அறுவடைப் பண்டிகைக்கு மல்சுன் தங்கைக்கு இரண்டு தரம் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மூன்றாம் தரம் மாமியார் எடுத்து, "அவ தூங்கறா" என்று வைத்துவிட்டாள். அப்போது காலை பதினோரு மணி.