மரகதம் பெட்டை என்றாள், நான் சேவல் என்றேன்

மரகதம் போய்விட்டாள் என்று அவள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னபோது, நான் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். அழுகை வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோரும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள் என்ற நினைப்பு. அவளைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

முப்பது வருடம் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தோம். கொழுந்தில் நான் அவளுக்குச் சளைத்தவளில்லை. கோழியில்தான் தோற்றேன். மூன்று மாதக் குஞ்சைக் கையிலெடுத்து, முதுகு இறகை ஊதிப் பார்த்து, சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவாள். "கொண்டைய நம்பாதீங்க, அது பொய் சொல்லும். முதுகு எறகு நுனி கூரா இருந்தா சேவல், உருண்டையா இருந்தா பொட்டை" என்பாள். நோர்வூட் கடைவீதியில் குஞ்சு விற்கும் முஸ்லிம் நானா அவள் தலையைக் கண்டாலே பெட்டியை மூடுவார். "பொட்டைய மட்டும் பொறுக்கிட்டுப் போனா, சேவல வச்சிக்கிட்டு நான் என்ன செய்ற?" என்று கத்துவார். என்னைக் கண்டால் அகலத் திறந்து வைப்பார். வயிறு எரியுமா எரியாதா?

ஒரு வருடம் என் மகனுக்குக் காய்ச்சல் இறங்கியதும் முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டேன். என் கூட்டிலேயே சிவந்த கொண்டையோடு ஒரு குஞ்சு நின்றது. அதன் காலில் மஞ்சள் நூல் கட்டினேன்.

"அக்கா, அது பொட்டைங்க. நூல அவுத்துருங்க. சாமிக்குப் பொட்டைய அறுக்கக் கூடாதுங்க" என்றாள் மரகதம்.

"ஏன், ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கா?" என்றேன்.

மாதங்கள் போயின. மற்றச் சேவல்கள் தொண்டை கிழியக் கூவின. என்னுடையது வாயைத் திறக்கவில்லை. அது அமைதியான சாதி என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது விறகுக் கட்டின் மேல் முட்டையிட்டது.

லயமே சிரித்தது. மரகதம் சிரிக்கவில்லை. தன் பெரிய சேவலைக் கொண்டுவந்து, என் கோழியின் காலிலிருந்த நூலை அவிழ்த்து அதற்குக் கட்டினாள். கோயிலில் பூசாரி கேட்டபோது, "அக்கா வளத்த சேவலுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவளும் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

கருமாதி முடிந்து கொழும்புக்குத் திரும்புமுன் மகள் ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே ஐந்து குஞ்சுகள்.

"பெரியம்மா, இதுகள அம்மா ஒங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாங்க. சாம்பல் நெறக் குஞ்சு பொட்டையாம். நீங்க சேவலுன்னு சண்டைக்கு வருவீங்கன்னும் சொன்னாங்க."

மரகதம் அதைச் சொல்லும்போதே சிரித்திருப்பாள். குஞ்சைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவள் செய்வதுபோலவே முதுகு இறகை ஊதிப் பார்த்தேன். கூராகத்தான் இருந்தது. மறுநாளும் பார்த்தேன். சேவல்தான், சந்தேகமே இல்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சண்டை. இதில் நான்தான் ஜெயிக்கப் போகிறேன்.

அது கூவுகிற அன்று, யார் வாசலில் போய் நின்று சொல்வேன்?